ஃபிரிட்ஜ் மேல் கேமரா

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தது கடைசியாக எப்போது என்று கேட்டால், இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பீரோவை மாடிக்கு ஏற்றும்போது என்றுதான் சொல்ல முடியும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர்; ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். கொழுந்தனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை, மதியம் போனால் எல்லாரும் படுத்த பிறகுதான் திரும்புவார். பெரியவள் நர்ஸ். அவளுடைய டூட்டி எந்த வாரம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. சின்னவன் எங்கேயோ இருக்கிற மனிதர்களின் புகார்களை ஃபோனில் கேட்டுக்கொள்கிற கம்பெனியில் இருக்கிறான். அவர்களுக்கு விடிந்தால்தான் இவனுக்கு வேலை. நான் சலவைக் கடையில், பகல் முழுக்க. ஒருவர் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் பேசிக்கொள்வதுதான் எங்கள் குடும்பப் பேச்சு.

ஆனால் நாற்காலி மட்டும் மாறாது. சமையலறை மேஜைக்கு நான்கு நாற்காலிகள். வாசலைப் பார்த்தது இவருடையது. பிளக் பாயின்ட் பக்கம் இருப்பது சின்னவனுடையது, ஃபோனுக்கு சார்ஜ் போட வசதி. சுவர் ஓரம் பெரியவள். கால் ஆடுகிற நாற்காலி கொழுந்தனுக்கு. அதைச் சரிசெய்யவும் விட மாட்டார், பழகிவிட்டது என்பார். வீட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் தன் நாற்காலியில்தான் உட்காருவாரே தவிர இன்னொருவர் இடத்தில் உட்கார மாட்டார். யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படியே வந்துவிட்டது. எனக்கு நாற்காலி கிடையாது. மேஜையின் அந்தக் கோடியில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, ஒரு ஸ்டூல் உண்டு. அதில் நான் உட்கார்ந்ததைவிடப் பரணில் ஏதாவது எடுக்க ஏறி நின்றதுதான் அதிகம்.

பெரியவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போனால் வருஷக்கணக்கில் வர முடியாது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். ஆனால் அன்று துணி மடிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் ஐந்து பேரும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஃபோனில் ஆளுக்கு ஆயிரம் படம் இருக்கிறது. தூங்கி வழிகிற படம், பல் துலக்குகிற படம், பேருந்தின் முன்னால் நிற்கிற படம். ஒருவர் இருக்கிற படத்தில் இன்னொருவர் இல்லை. இவள் அந்த நாட்டில் போய் எந்தப் படத்தைப் பார்த்து எங்கள் வீட்டை நினைத்துக்கொள்வாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பிடித்து உட்கார வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினேன், மிரட்டினேன், சின்னவனைக் கொஞ்சம் காக்காயும் பிடித்தேன். நால்வரும் தலையாட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து இவருக்கு மாற்று டிரைவர் வரவில்லை. ரொட்டி அடுப்பு பழுதாகிக் கொழுந்தன் அங்கேயே தங்கிவிட்டார். பெரியவளை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுக்கொண்டார்கள். சின்னவன் மட்டும் தலை சீவி, சட்டை மாற்றி, தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள் என்று கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத்தான் திட்டினேன்.

அந்த வாரம்தான் கேமரா வந்தது. சலவைக் கடையில் யாரும் வந்து வாங்காத துணிகளை ஒரு அலமாரியில் போட்டு வைப்போம். முதலாளி அதைக் காலி செய்யச் சொன்னார். ஒரு பழைய மழைக்கோட்டோடு தோல் உறை ஒன்று கிடந்தது. உள்ளே ஃபிலிம் கேமரா. கையில் எடுத்ததும் கனம் ஆச்சரியப்படுத்தியது, இஸ்திரிப் பெட்டி மாதிரி. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குப்பையில் போடுவதானால் போடு, வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கொண்டுபோ என்றார்.

நான் சும்மா கண்ணில் வைத்து முதலாளியைப் பார்த்தேன். இரண்டு முதலாளிகள் தெரிந்தார்கள். ஒருவரையே தாங்க முடியாத இடத்தில் இது வேறா என்று கேமராவைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். ஒருவர் தெளிவாக, பக்கத்திலேயே ஒருவர் ஆவி மாதிரி.

எதிர் வரிசையில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அதை நடத்துகிற பெண்ணுக்கு என் பெரியவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். வாய் மட்டும் என் வயதுக்கு இருக்கும். அவளிடம் காட்டி, கண்ணாடி கெட்டுப்போய் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றேன். அவள் சிரித்துவிட்டு என்னைத் தெருவைப் பார்க்கச் சொன்னாள். எதிரே ஒரு ஆள் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆள், இரண்டு சைக்கிள்.

"இப்ப இந்த வளையத்த மெதுவா திருப்புங்கக்கா."

திருப்பினேன். ஆவி மாதிரி இருந்த ஆள் நகர ஆரம்பித்தார். நகர்ந்து நகர்ந்து வந்து, அசல் ஆளுக்குள் போய்ச் சரியாகப் பொருந்திக்கொண்டார். தொப்பி தொப்பியோடு, கை கையோடு, சைக்கிள் மணி மணியோடு. ஒரே ஆள். அவ்வளவு துல்லியமாக ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை என்று தோன்றியது. அவர் அங்கே பூட்டு மாட்டாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறார், இங்கே எனக்கு மெய் சிலிர்க்கிறது. நான் வளையத்தைத் திருப்பி அவரை இரண்டாக்குவதும் மறுபடி ஒன்றாக்குவதுமாக நின்றுவிட்டேன். அவர் சைக்கிளை விட்டுப் போன பிறகும் அந்தச் சைக்கிளை வைத்துக் கொஞ்ச நேரம் விளையாடினேன்.

அவளுக்கு என்னைப் பிடித்துப்போயிருக்க வேண்டும். கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடுகிற இடத்தில் ஒரு எண்ணெய்த்தாளை ஒட்டி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பின்பக்கம் பார்க்கச் சொன்னாள். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணியையும் போட்டுவிட்டாள். கண் பழகியதும் பார்த்தேன். அந்தத் தாளில் எங்கள் தெரு இருந்தது. தலைகீழாக, தீப்பெட்டி அளவில், எல்லாக் கலரோடும். மேலே ரோடு, கீழே வானம். ஒரு பேருந்து தலைகீழாகக் கடந்து போயிற்று. நிறுத்தத்தில் நிற்கிறவர் தலையைச் சொறிந்தது தெரிந்தது. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு இருட்டும் சேர்ந்ததற்கே தெரு உள்ளே வந்து படுத்துக்கொண்டது. எத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், அது அழகான தெரு என்று எனக்கு அன்றுதான் தெரியும். துணியை விட்டு வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. வெளிச்சத்தினால் என்று அவளிடம் சொன்னேன்.

பிறகு மதிய இடைவேளையெல்லாம் அங்கேதான். அவள் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். எடுத்தவுடன் நெம்புகோலை இழுத்து அடுத்ததற்குத் தயாராக வைத்துவிட வேண்டும் என்று பழக்கினாள். தெருவில் நாலைந்து படம் எடுத்தேன். படம் எங்கே என்று கேட்டேன்.

"உள்ள இருக்கு."

"பாக்கலாமா?"

"இருக்கும், ஆனா தெரியாது. மருந்துல குளிப்பாட்டினாதான் கண்ணுக்கு வரும். நடுவுல திறந்தா எல்லாம் போச்சு. இதோ, இந்தக் குமிழ மேல இழுத்தா முதுகு திறந்துக்கும். அது மட்டும் ஜாக்கிரதை."

இருக்கும், ஆனால் தெரியாது. அன்று முழுக்கக் கோட்டுகளுக்கு ஆவி பிடித்துக்கொண்டே அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைப்பையில், டிபன் பாத்திரத்துக்குப் பக்கத்தில், யாரும் பார்க்க முடியாத ஒரு தெரு இருந்தது. அவள் வேறு எத்தனையோ சொன்னாள். நெம்புகோலை இழுக்கும்போது அந்தக் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று கவனிக்கச் சொன்னதாகப் பிறகு சண்டை போட்டாள். சொல்லியிருப்பாள். என் மண்டையில் ஏறியது குமிழை இழுத்தால் எல்லாம் போச்சு என்பது மட்டும்தான்.

எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க முடியாது என்று ஆன பிறகு, ஆளுக்கொரு படம் எடுக்கலாம் என்று எனக்கு யோசனை வந்தது. அவரவர் நாற்காலியில், அவரவர் வீட்டில் இருக்கிற நேரத்தில். நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு சட்டம் போட்டுப் பெரியவளிடம் கொடுத்துவிட்டால், மேஜையைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஸ்டூடியோக்காரியிடம் கேட்டேன். ஜன்னல் திரையை மூடிவிட்டு மேஜைக்கு மேலே தொங்குகிற விளக்கை மட்டும் போடச் சொன்னாள். வெளிச்சம் கம்மி என்பதால் கையில் பிடித்தால் ஆடும், எங்காவது அசையாமல் வைக்க வேண்டும் என்றாள். எதை எந்த எண்ணில் வைக்க வேண்டுமோ அப்படி அவளே திருகி வைத்துக்கொடுத்து, இனி இதில் கை வைக்காதீர்கள், அந்த வளையத்தை மட்டும் ஆளுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கொள்ளுங்கள் என்றாள்.

அசையாத இடம் என்றால் எங்கள் சமையலறையில் ஃபிரிட்ஜின் தலைதான். அங்கிருந்து பார்த்தால் நான்கு நாற்காலியும், கோடியில் ஸ்டூலும், அதற்கு மேலே கடிகாரமும், பின்னால் கரும்பச்சைச் சுவரும் அப்படியே கட்டத்துக்குள் வந்தன. அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி இவரிடம் எத்தனை வருஷமாக மன்றாடுகிறேன், சமையலறையா குகையா என்று கேட்பேன். கேமராவை அங்கே வைத்து, அது ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் பழைய துண்டைச் சுருட்டி அணை கொடுத்தேன். ஒரு சங்கடம்: ஃபிரிட்ஜ் உறுமும்போது கேமராவும் சேர்ந்து நடுங்கியது. படம் எடுக்கிற நேரத்தில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

வைத்த அன்றே சின்னவன் ஸ்டூலில் ஏறி, இது என்ன, அது என்ன என்று நோண்டினான். அவன் விரல் அந்தக் குமிழுக்குப் போனதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கையில் ஒன்று வைத்தேன். அதோடு விடவில்லை. கோட்டுப் பைகளை ஒட்டுவதற்குக் கடையில் ஒரு டேப் வைத்திருக்கிறோம், ஒட்டினால் ஜென்மத்துக்கும் வராது. அதைக் கொண்டுவந்து குமிழை நாலு சுற்று சுற்றி, கேமராவோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். இனி எவன் இழுத்தாலும் திறக்காது. தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று வீட்டுக்கே பொதுவாக அறிவித்தேன்.

பெரியவள் அப்போதுதான் நைட் டூட்டி முடித்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "நாலு படம்தானா? நீ எங்கம்மா இதுல?" என்று கேட்டாள்.

"எடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை, வேலை கிடந்தது. உள்ளே இவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

முதலில் இவரைத்தான் எடுத்தேன். விடியற்காலை வண்டியை விட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செத்த சாமானுக்குச் சேவகம் செய்கிறாயே என்று கிண்டல் செய்தார். நான் ஃபிரிட்ஜை அணைத்தேன், ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறினேன், கண்ணை வைத்தேன். இரண்டு இவர் தெரிந்தார்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒருவர் இன்னொருவருக்குள் வந்து சேர்ந்தார். மீசையில் நரை எப்போது இவ்வளவு ஏறியது? ராத்திரி முழுக்க ரோட்டையே பார்த்த கண், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் என்னை நேராகப் பார்த்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட நான் இவரை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. என்ன, தூங்கிவிட்டாயா என்று கேட்டார். பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திவிட்டு நெம்புகோலை இழுத்தேன். வரவில்லை. கடைத்தெருவில் எடுத்தபோதெல்லாம் வெண்ணெய் மாதிரி வந்த நெம்புகோல். பழைய சாமான், முரண்டு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் போர்வைகளைப் பிழிந்து உரமேறிய கை என்னுடையது. ஒரு இழு இழுத்தேன். கர்ரென்று உள்ளே ஒரு சத்தம் கேட்டு, வழிக்கு வந்தது. ஃபிரிட்ஜைப் போட்டேன்.

அடுத்து சின்னவன். தூங்கி எழுந்த முகத்தோடு, தலை ஒரு பக்கம் நட்டுக்கொண்டு. வேலையில் யாரோ திட்டினார்களாம், அதைச் சொல்லிக்கொண்டே கேமராவைப் பார்த்தான். அவனுடைய காது அப்படியே என் அப்பாவின் காது என்பதை அன்று கண்டுபிடித்தேன். பிறகு கொழுந்தன், எனக்கு லீவாக இருந்த ஒரு நாள், மதியம் கிளம்புகிற அவசரத்தில், கை நிறைய அடுப்புச் சூட்டுத் தழும்புகளோடு. "அண்ணி, சிரிக்கணுமா வேணாமா?" என்று கேட்டார். அவர் சிரித்தால் நாற்காலி ஆடும், வேண்டாம் என்றேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த வளையம், அந்த இரண்டு முகம் ஒன்றாகிற கணம், எனக்கு முதல் தடவை மாதிரியே இருந்தது. நெம்புகோலும் கர்ரென்று கொஞ்சம் அனத்திவிட்டு வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் பால் கெட்டுப்போயிற்று. பார்த்தால் ஃபிரிட்ஜ் அணைந்து கிடக்கிறது, கீழே தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஈரம். நான் கடைசியாக அணைத்தது கொழுந்தனை எடுத்தபோது. திரும்பப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. குய்யோ முறையோ என்று கத்தினேன். சின்னவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவன் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கொழுந்தன் நைசாகக் கழன்றுகொண்டார். இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

பெரியவளைக் கடைசியாக எடுத்தேன். அவள் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. சுவர் ஓரம் உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, கேமராவையே பார்த்தாள். பொத்தானை அழுத்தினேன், அழுந்தவில்லை. போன தடவை நெம்புகோலை இழுக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று இழுத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தேன். இரண்டு மகள்கள். ஒருத்தி இங்கே இருக்கிறவள், ஒருத்தி லேசாக விலகி நிற்கிறவள். வளையத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. பிறகு திருப்பினேன்.

மறுநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பெரியவளுக்கு அடுத்த நாள் பகலில் விமானம். ஸ்டூடியோக்காரி கேமராவைக் கையில் வாங்கினாள். டேப்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது என்னக்கா?"

பெருமையாகச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிலிம் சுருள் அந்தக் குமிழில்தான் மாட்டியிருக்கிறது, குமிழ் சுற்றினால்தான் ஃபிலிம் வெளியே வரும், அதை அசையாமல் கட்டிவிட்டு நெம்புகோலை இழுத்தால் ஃபிலிம் எப்படி நகரும் என்று கேட்டாள். அந்தக் கர்ர் சத்தம், ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகள் கிழிந்த சத்தமாம். டேப் ஒட்டிய பிறகு எடுத்தது எதுவும் தனித்தனிக் கட்டத்தில் விழுந்திருக்காது.

"அப்ப எங்க விழுந்திருக்கும்?"

"எல்லாம் ஒரே இடத்துல. ஒண்ணு மேல ஒண்ணு. வெளிச்சத்து மேல வெளிச்சம் விழுந்து, வெறும் வெள்ளைதான் வரும்கா."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவளை, கேமராவை, டேப்பைக் கண்டுபிடித்தவனை, எல்லாரையும் திட்டினேன். இன்னொரு தடவை எடுக்க நேரம் இல்லை. இவர் வண்டியில் இருக்கிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். என் மகள் வெறுங்கையோடு போகப்போகிறாள். நான் திட்டி முடித்த பிறகு அவள், எதற்கும் கழுவிப் பார்த்துவிடலாம், உள்ளே வாருங்கள் என்றாள்.

ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். முதலில் என் தெருப் படங்கள். ஃபிலிமில் எல்லாம் மாறித்தான் இருக்குமாம், வெளிச்சம் விழுந்த இடம் கறுப்பாக. கடைசியாக ஒரு கட்டம், மற்றவற்றைவிடக் கறுத்து, ஓரமெல்லாம் கிழிந்து. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவள் அந்தக் கட்டத்தைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னை இருட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே சிவப்பு விளக்கு மட்டும். புளித்த மருந்து வாசனை. ஏதோ ஒரு கருவியில் ஃபிலிமை மாட்டி, ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழ விட்டாள். அந்தத் தாளை எடுத்து என்னிடம் காட்டினாள். வெற்றுத் தாள். அதைத் தட்டில் இருந்த மருந்தில் போட்டுவிட்டு, தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள் என்றாள். ஆட்டினேன். தண்ணீருக்கு அடியில் வெள்ளைத் தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் முடி வந்தது. முகம் இல்லாமல் முடி மட்டும், அங்கங்கே. ஒரு பக்கம் நட்டுக்கொண்ட முடி, அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு சுவரின் இருட்டு. அதற்குள்ளிருந்து ஒரு மீசை. கண்கள் வந்தன, ஒரு ஜோடி, அடுத்த ஜோடி. கன்னம், காது, தழும்பேறிய கை. நான் தட்டை ஆட்ட மறந்துவிட்டேன், அவள் என் கைமேல் கை வைத்து ஆட்டினாள். தாளுக்குள்ளிருந்து என் குடும்பம் எழுந்து வந்துகொண்டிருந்தது. இவர் வாசலைப் பார்த்த நாற்காலியில். அவருக்கு எதிரே பெரியவள், சுவர் ஓரம். பிளக் பக்கம் சின்னவன். ஆடுகிற நாற்காலியில் சிரித்துக்கொண்டு கொழுந்தன். நால்வரும் ஒரே மேஜையில். ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை, இடிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இன்னொருவர் நாற்காலியில் உட்கார மாட்டார்கள்.

அவர்களுடைய உடம்பு வழியாக நாற்காலிச் சட்டம் லேசாகத் தெரிந்தது. மேஜை மட்டும் வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போய், அதன்மேல் டீ கிளாசுகள் புகை மாதிரி நின்றன. சுவரில் கடிகாரம். ஒரே கடிகாரத்தில் கைவிசிறி மாதிரி எத்தனையோ முட்கள், இவர் வந்த நேரம், கொழுந்தன் கிளம்பிய நேரம், எல்லா நேரமும் ஒன்றாக. வாழ்நாளில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யாரோ எங்களுக்காக ஷிஃப்டையெல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. கோயிலில் நிற்கிறவள் மாதிரி கை கூப்பியிருந்தேன் என்று ஸ்டூடியோக்காரி பிறகு சொன்னாள், எனக்குத் தெரியாது.

"உங்க வீட்டுச் சுவர் இருட்டா இருந்ததால தப்பிச்சீங்க. வெள்ளைச் சுவரா இருந்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க" என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். "ஆமா, நாலு பேர்னுதான சொன்னீங்க?"

அவள் விரல் கடிகாரத்துக்குக் கீழே இருந்தது. அங்கே இன்னும் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் ஒரு பெண். மேஜைமேல் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள். மடியில் வெள்ளையாக ஒன்று ஒளிர்ந்தது. பெரியவளுடைய புது நர்ஸ் கோட்டு. போன வாரம் எனக்கு லீவாக இருந்த ஒரு மதியம் அதற்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே கண் அயர்ந்தது நினைவிருக்கிறது. விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. கடைசியில் அந்த முகமும் வந்து நின்றது. நான் தூங்குகிறேன், என்னைச் சுற்றி நால்வரும் விழித்திருக்கிறார்கள்.

தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை இவர் வந்தபோது பெரியவள் பெட்டியை மூடிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். படம் அவள் கையில்தான் இருந்தது. ராத்திரியிலிருந்து கீழே வைக்கவில்லை. ஐந்து பேரையும் விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தின்மேல் வந்ததும் விரல் நின்றுவிடும், மறுபடி இவரிலிருந்து ஆரம்பிப்பாள். அதில் மணி என்னம்மா என்று கேட்டாள்.

இவர் படத்தை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பால், ஈரத் தரை, அழுந்தாத பொத்தான்.

"அன்னைக்கு ஃபிரிட்ஜ அணைச்சது நீங்கதானா?"

"ஆடிடும்னு நீதான சொல்லுவ" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்து முடிச்சதும் திரும்பப் போடணும்னு தோணல. உன்னையே பாத்துட்டு நின்னுட்டேன். அப்புறம் நீ பாலுக்காகப் போட்ட சத்தத்துல, எங்க போய் சொல்றது?"

பெரியவள் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். மூன்று கிளாஸில் டீயை ஊற்றி, இவருக்கும் அவளுக்கும் முன்னால் வைத்தேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.